பாளையம்பட்டியில் குளிரின் விலை

பாலை என்றதும் மணற்குன்றும் ஒட்டகமும் பேரீச்ச மரமுமே நம் கண்முன் வந்து நிற்கின்றன. தமிழிலக்கணம் கண்ட பாலை அதுவன்று. தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை, பொழுதையே வகுத்தார். நண்பகலும் வேனிலும் அதற்குரியவை. பசுமையான நிலமும் வேனிலின் கொடுமையால் தன் இயல்பு கெட்டுப் பாலையாகிவிடும் என்பதையே இளங்கோவடிகளும் சிலம்பில் உரைத்தார்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசற் சீமையைக் கார்த்திகையிலும் ஒருமுறை, சித்திரையிலும் ஒருமுறை பார்த்தவர்களுக்கு இவ்விலக்கணத்தை விளக்க வேண்டியதில்லை. கார்த்திகையில் பருத்தியும் உளுந்தும் பசுமை காட்டும் அதே மண், சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். குண்டாற்றில் மணல்தான் ஓடும். சீமைக் கருவேலைத் தவிர வேறெதுவும் தலைநிமிர்ந்து நில்லாது. 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்து இன்று விருதுநகர் மாவட்டத்தின் பகுதியாயுள்ள இச்சீமையை ‘வானம் பார்த்த பூமி’ என்று நம் முன்னோர் அழைத்தது வெறும் வழக்கன்று.

சென்ற கோடையில், அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. ஒரே மனையில் இரண்டு வீடுகள். முன்னால் இருப்பது நண்பருடைய நன்னா கட்டிய காரை வீடு. பின்னால் இருப்பது, குவைத்தில் பணிபுரியும் அவர் மகன் அனுப்பிய பணத்தில் எழுந்த கான்கிரீட் வீடு. அதில் ஏ.சி. எந்திரம் ஒன்று ஓடுகிறது. பழைய வீட்டை இடித்துவிட்டு அவ்விடத்திலும் புதிதாகக் கட்டி, இன்னும் ஓர் எந்திரம் பொருத்துவதென்று குடும்பத்தார் பேசிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில்தான் மின்கட்டணம் வந்தது. அதைப் பார்த்த நண்பர், “நீங்க பழைய சங்கதியெல்லாம் எழுதுறவரு. எங்க நன்னா காலத்துல இந்த வெயிலுக்கு எவ்வளவு செலவு பண்ணினாங்க, சொல்லுங்க பாய்” என்றார். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். எனினும் அது நம்மை விடவில்லை.

அவர் நன்னா செலவு செய்யாமலில்லை. வீட்டைக் கட்டும்போதே மொத்தமாகச் செலவு செய்துவிட்டார். அவ்வீட்டின் சுவர் ஒன்றரை முழத்துக்குக் குறையாது. சன்னல்கள் சிறியவை, நிலைகள் தாழ்வானவை, நடுவில் முற்றம். தளமோ மரக்கட்டைகளின்மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, தட்டோடு பதித்து முடித்தது. சென்னைப் பக்கத்தில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்பார்களே, அதுதான். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைக் காரையில் சேர்ப்பது வழக்கம். கொட்டிய தளத்தைப் பெண்கள் வரிசையாக அமர்ந்து மரப்பலகைகளால் நாட்கணக்கில் தட்டிக்கொண்டேயிருப்பர். பலகை பட்டு எம்பும்வரை தட்டுதல் நில்லாது. அந்தக் கூலியும் குளிரின் விலையில் சேர்ந்ததே.

அத்தகைய கனத்த சுவரும் தளமும் வெயிலை மறுப்பதில்லை, தாமதப்படுத்துகின்றன. காலையில் ஏறிய வெப்பம் உள்ளே வந்து சேர இரவாகிவிடும். அதற்குள் வெளியே காற்று தணிந்துவிடும். லுஹர் தொழுதுவிட்டு அவ்வீட்டின் நடுக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். தரை குளிர்ந்திருந்தது. பின்வீட்டில் அதே நேரத்தில் சுவரைத் தொட முடியவில்லை. நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மஃரிபுக்குப் பிறகு அறைக்குள் அதனைக் கொட்டத் தொடங்கும். மனிதன் உறங்கப்போகும் வேளையில் அவன் தலைக்குமேல் ஓர் அடுப்பு எரியத் தொடங்குகிறது. அந்த அடுப்பை அணைக்கத்தான் எந்திரம் வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. பழைய வீட்டின் குளிர்ச்சி எல்லார்க்கும் ஒரே அளவில் கிடைத்ததன்று. கோடை இரவில் ஆண்கள் திண்ணையிலும், தெருவில் போட்ட கயிற்றுக் கட்டிலிலும், மொட்டை மாடியிலும் படுத்துக் காற்று வாங்கினார்கள். பெண்களோ சன்னல் சிறுத்த அறைக்குள், குழந்தைக்கு ஒரு கையால் விசிறிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். அடுப்பங்கரையின் வெக்கையோ தனி. கதவைச் சாத்திக்கொண்டும் குளிர்ச்சியாக உறங்கலாம் என்ற நிலையை நம் வீட்டுப் பெண்களுக்கு முதன்முதலில் தந்தது இந்த எந்திரமே. பழமையைப் போற்றுகிறவர்கள் (நாமும் அவர்களில் ஒருவர்தான்) இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு.

குளிரை விலைக்கு வாங்கும் வழக்கம் புதிதன்று. பேரரசர் அக்பரின் அரண்மனை நடைமுறைகளை அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரீ’யில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். வெடியுப்பைக் கரைத்து அதன் குளிர்ச்சியில் குடிநீரை ஆற்றிய முறையும், லாகூரில் இருந்தபோது வடமலைகளிலிருந்து பனிக்கட்டி வந்து சேர்ந்த விதமும் அதில் உண்டு. வெட்டிவேரைத் தட்டியாக முடைந்து வாசலில் நிறுத்தி நீர் தெளித்ததையும் அவர் குறிப்பிடுகிறார். நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் என்னும் இயற்கை விதியே இத்தட்டியின் சூட்சுமம். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு பயன். ஆகவே பாளையம்பட்டியில் இது நன்றாகப் பலிக்கும். கடலோரத்துக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அவ்வளவாகப் பலிக்காது. இன்று கடைகளில் விற்கும் ‘ஏர் கூலர்’ அந்த வெட்டிவேர்த் தட்டியின் பேரப்பிள்ளைதான்.

பனிக்கட்டியின் கதை அதனினும் சுவையானது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனியை வெட்டியெடுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதற் கப்பலில் ஏற்றிய பனிக்கட்டி ஏறத்தாழ 180 டன். நான்கு மாதங்கள் கடலில் வந்து கரை சேர்ந்தபோது எஞ்சியது ஏறத்தாழ 100 டன். எண்பது டன் கரைந்தும் வணிகம் ஆதாயமாயிற்று என்றால், வாங்கியவர்களின் வெக்கையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சென்னைக் கடற்கரையில் 1842இல் அவர் கட்டிய பனிக்கிடங்கே ‘ஐஸ் ஹவுஸ்’. திருவல்லிக்கேணி வாசகர்கள் அப்பெயரை இன்றும் நாள்தோறும் சொல்லுகிறார்கள். எந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் தொழில் இந்தியாவுக்கு வந்ததும் டியூடரின் வணிகம் நொடித்தது, கட்டடம் கைமாறியது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

கடைக்குச் சென்று ‘ஒன்றரை டன் ஏ.சி.’ என்று கேட்கிறோமே, அந்த டன் எதனுடைய எடை என்று பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அது பனிக்கட்டியின் எடை. 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகினால் எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் வெளியேற்றும் எந்திரமே ஒரு டன் எந்திரம். அவ்வாறாயின் ஒன்றரை டன் எந்திரம் எட்டு மணி நேரம் முழு வீச்சில் ஓடுவது, ஏறத்தாழ 450 கிலோ பனிக்கட்டியை ஓர் இரவில் உருக்குவதற்கு ஒப்பாகும். கல்கத்தாவின் கவர்னர் ஜெனரலுக்கும் வாய்க்காத அளவு அது.

இந்த எந்திரம் மனிதனுக்காகப் பிறந்ததுமன்று. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரத்தால் தாள் நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமற் போயின. அதற்குத் தீர்வாக வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் வகுத்த அமைப்பே இன்றைய எந்திரத்தின் மூதாதை. ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொல்லை 1906இல் வழக்கில் விட்டவர் ஸ்டூவர்ட் கிராமர். அவர் பஞ்சாலைப் பொறியாளர். ஆலையின் காற்றில் ஈரம் சேர்த்து நூல் அறாமல் காப்பதே அவர் நோக்கம். தாளுக்கும் நூலுக்கும் கிடைத்த சுகம் மனிதனுக்குக் கிடைக்கப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின.

இதை அருப்புக்கோட்டைக்காரரிடம் சொன்னால் வியப்படைய மாட்டார். வறண்ட காற்றில் நூல் அறும் என்பதை அவ்வூர் நெசவாளர் வழிவழியாக அறிவர். குழித்தறியில் மண்ணின் ஈரம் பாவுக்கு உதவும். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடுவதும் அதனாலேயே. இதே மாவட்டத்துச் சிவகாசியிலோ வறட்சியே வரமாயிற்று. 1920களில் அங்கே வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலுக்கு ஈரமற்ற காற்றே வேண்டியிருந்தது. ஒரே வெயில் ஓரூரில் பகை, அடுத்த ஊரில் முதலீடு.

மின்சாரம் தென் மாவட்டங்களில் பரவியதில் 1944இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1957இல் மின்வாரியம் அமைந்தபின் சிற்றூர்களிலும் விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பின்னால் மின்விசிறி வந்தது. நெடுங்காலம் நம் குடும்பங்களின் கோடைச் செலவு அந்த விசிறியோடு நின்றது.

பிறகு வளைகுடா வந்தது. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் நம் பிள்ளைகள் துபாய்க்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். அங்கும் ஒரு காலத்தில் காற்றே எந்திரமாயிருந்தது. பாரசீகத்துப் பஸ்தக் பகுதியிலிருந்து குடியேறிய வணிகர்கள் துபாய் ஓடைக்கரையில் எழுப்பிய வீடுகளில், மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழறைக்கு இறக்கும் ‘பர்ஜீல்’ என்னும் காற்றுக் கோபுரங்களை இன்றும் காணலாம். ஈரானின் யஸ்த் நகரம் இக்கோபுரங்களுக்குப் பேர்போனது. எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900–1989) இம்மரபுகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, ஏழைகளுக்கு மண்ணால் குளிர்ந்த வீடு கட்டித்தர முயன்றார். 1940களில் லக்ஸர் அருகே அவர் எழுப்பிய புதிய குர்னா ஊரில் குடியேற அம்மக்களில் பெரும்பாலோர் உடன்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரார் மனம் ஒப்பாத குளிர்ச்சி செல்லுபடியாகாது.

நம் பிள்ளைகள் அங்கே கண்டது கோபுரங்களையன்று, பெட்டிகளையே. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவான வெப்பம் 53.9 பாகை. அத்தகைய நாட்டில் எந்திரமின்றி நகர வாழ்வே இல்லை. கோடையின் உச்சத்தில் அந்நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு குளிரூட்டலுக்கே போகிறது. 1966 முதல் அந்நாட்டுக் குடிமக்களின் வீடுகளுக்கு ஒரு யூனிட்டுக்கு இரண்டு ஃபில்ஸ்தான் கட்டணம். எஞ்சியதை எண்ணெய் வருமானம் தாங்கிக்கொள்கிறது. அத்தகைய நாட்டிலும் 2024 ஜூனில் மின்சாரம் போதாமல் முறைவைத்து நிறுத்த நேர்ந்தது. வெளியே வெயிலில் உழைப்பவர்க்கு அங்கே ஜூன் முதல் ஆகஸ்டு வரை முற்பகல் பதினொன்று முதல் மாலை நான்கு மணி வரை வேலை கூடாதென்று விதி இருக்கிறது. நண்பரின் மகன் கட்டடப் பணியில் இருப்பவர். விதி காக்கும் அந்த ஐந்து மணி நேரம் போக மீதி நேரமெல்லாம் அவர் வெயிலில்தான் நிற்கிறார். பாளையம்பட்டி அறையின் குளிர்ச்சிக்குக் கட்டணம் செலுத்துவது அந்த வெயில்.

ஊருக்குத் திரும்பியவர்கள் வளைகுடாவில் கண்ட வீட்டையே இங்கும் கட்டினார்கள். சிமெண்டும் கம்பியும் விரைவில் வேலை முடித்தன. அகன்ற கண்ணாடிச் சன்னல் அழகாயிருந்தது. முற்றம் வீண் இடமாகத் தோன்றியது. சுண்ணாம்பு அரைத்தவர் வேறு வேலைக்குப் போனார். ஆனால் குவைத்தின் கட்டட வகை நமக்கு வந்ததேயன்றி, குவைத்தின் இரண்டு ஃபில்ஸ் வரவில்லை.

கணக்கை இனிப் பார்ப்போம். தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம். 2016 முதல் முதல் நூறு யூனிட்டு எல்லா வீட்டுக்கும் இலவசம். 2022 செப்டம்பர்க் கட்டண வரிசைப்படி, 500 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்தக் குறைந்த 2 ரூபாய் 25 காசு மறைந்து, 101இலிருந்தே 4 ரூபாய் 50 காசு தொடங்கும். 500க்கு மேல் 8, 600க்கு மேல் 9, 800க்கு மேல் 10, ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய். 2024 ஜூலையில் இவ்வரிசை மேலும் சற்று உயர்ந்தது.

விளக்கு, விசிறி, குளிர்ப்பெட்டி எல்லாம் சேர்த்து 220 யூனிட்டு செலவாகும் வீட்டுக்கு 2022 வரிசைப்படி 315 ரூபாய். அவ்வீட்டில் ஒன்றரை டன் எந்திரம் இரவு எட்டு மணி நேரம் ஓடி, மணிக்கு ஒரு யூனிட்டு தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது நாளில் 480 யூனிட்டு. மொத்தம் 700, கட்டணம் 3,650 ரூபாய். மின்சாரம் மூன்று மடங்குக்குச் சற்று மேலே சென்றது. கட்டணமோ பதினொரு மடங்குக்கு மேல். அதே அளவு ஓடும் இரண்டாவது எந்திரத்தையும் சேர்த்தால் 1,180 யூனிட்டு, 8,530 ரூபாய். முதல் எந்திரம் கூட்டியது 3,335 ரூபாய், இரண்டாவது கூட்டியது 4,880 ரூபாய். நண்பர் இதுவரை இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. காகிதத்தை வாங்கி இருமுறை கூட்டிப் பார்த்தார்.

எந்திரத்தை வேண்டாமென்று சொல்ல நாம் முனையவில்லை. வெப்ப அலையை 2024இல் தமிழக அரசே மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணம் என விதித்துவிட்டது. முதியோரையும் கைக்குழந்தைகளையும் கொல்லக்கூடிய வெக்கையை ஆடம்பரக் கணக்கில் எழுத இயலாது. 2017, 2018, 2019 ஆண்டுகளில் மே மாத வெயிலில் நோன்பு நோற்றவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு இந்த அறைகளின் எந்திரங்களுடையது. ஒன்றை மட்டும் எண்ண வேண்டும்: எந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்ததோடு தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துச் சந்துக்குள் தள்ளுகிறது. சந்துக்கு அப்பால் தகரக் கூரையின்கீழ் விசிறி மட்டும் வைத்திருப்பவர் நம் அண்டை வீட்டார்.

எனவே நண்பரிடம் நாம் கூறியது சிறிய யோசனைதான். பழைய வீட்டை இடிக்க வேண்டா. புதிய வீட்டின் மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டு, வெள்ளை நிறத் தட்டோடு பதியுங்கள். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறம் தட்டி கட்டுங்கள். காற்று வறண்டிருக்கும் மாதங்களில் கூலரை ஓட்டலாம். அது எட்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டு அளவில் அடங்கும். (அதற்கு ஊற்றத் தண்ணீர் எங்கே என்று அவர் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி, அருப்புக்கோட்டைப் பக்கம் தண்ணீரும் எண்ணித்தான் வருகிறது.) எந்திரத்தை 24 பாகையில் வைத்து விசிறியையும் ஓடவிடுங்கள். பாகை ஒன்றைக் கூட்டினால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மிச்சமென்று மைய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. மாடியில் சூரியத் தகடு பதிக்கும் எண்ணமும் எழுந்தது. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. அதன் மின்சாரம் யூனிட்டு 7 ரூபாய் 1 காசு விலையில் வாரியத்துக்கு விற்கப்பட்டது. நம்மைச் சுட்ட வெயிலே விலைபோகும் காலம். ஆனால் வீட்டுத் தகடு வேலை செய்வது பகலில், நண்பர் வீட்டு எந்திரம் ஓடுவது இரவில். அது தனிக் கணக்கு.

மறுநாள் காலை காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வயதான கொத்தனார் ஒருவர் அழைத்துவரப்பட்டார். காரை வேலை தெரிந்தவர் இப்போது அரிது. பழைய தளத்தில் கைக்கட்டையால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சுண்ணாம்பு நன்றாக இருக்கிறது, இரண்டு கட்டைகளின் நுனியைத்தான் கறையான் தின்றிருக்கிறது, அவற்றை மாற்றினால் போதும் என்றார். பின்வீட்டு மாடிக்கு ஏறியவர், செருப்பைக் கழற்றாமலேயே நின்று அளந்துவிட்டு இறங்கினார்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் குவைத்திலிருந்து மகன் பேசினார். நண்பர் கணக்கையெல்லாம் சொன்னார். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. “ஒரு ஏ.சி. போதும்னா, அம்மா எந்த ரூம்ல படுப்பாங்க அத்தா?” என்று கேட்டார் மகன். நண்பர் பதிலின்றி மனைவியைப் பார்த்தார்.

“நன்னியோட ரூம்லதான். இப்பவும் அங்கதான் படுக்குறேன்னு சொல்லுங்க” என்றார் அந்த அம்மையார்.